பதினேழு ஐட்டமும் சரி, ஏஞ்சல் எங்கே?

போன சனிக்கிழமை காலை எட்டேகால் மணிக்கு சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் இறங்கியவர்கள்: நான், என் ரூம்மேட் மாடசாமி, எங்கள் ஹவுஸ் ஓனர் சரோஜாம்மா. கூடவே ஒரு மடக்கு வீல்சேர், ஒரு குடை, ஒரு ஒயர்கூடை, ஒரு பச்சை ஃபைல்.

எங்களுக்கு முன்பே வந்து பக்கத்துப் பள்ளிக்கூட வாசலில் காத்திருந்தவர்: மேரி அக்கா.

வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் மேரி அக்காவின் கணவர் தாஸ் அண்ணன். டிரெய்லரில் புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருக்கிறார். அவர் வர மாட்டார் என்பது முன்பே தெரியும்.

இன்னொருவர் ஏஞ்சல்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் நடந்தது மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான மருத்துவ முகாம். அட்டை வாங்க வேண்டியதே ஏஞ்சல்தான்!

கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மொய்க்கவரை மறந்துவிட்டுப் போவார்கள். நாங்கள் கல்யாணப் பொண்ணையே மறந்துவிட்டுப் போனோம்.

சரி, முதலில் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு மாடசாமியைத் தெரியும். அலாரம் அடித்தால் எழுந்து, அலாரத்தைச் சமாதானப்படுத்திவிட்டு, மறுபடி தூங்குகிற அதே திருநெல்வேலி மாடசாமிதான். நானும் அவனும் ஒரகடத்தில் ஒரே கம்பெனி. பென்னலூரில் ஒரே ரூம். பக்கத்துப் போர்ஷனில் மேரி அக்கா குடும்பம்.

மேரி அக்கா உள்ளூர்க்காரர். சுங்குவார்சத்திரம் தாண்டி இருக்கிற ஒரு பெரிய பிளான்ட்டின் கேன்டீனில் வேலை. அவருடைய ஒரே மகள் ஏஞ்சல், வயது எட்டு. மூளை முடக்குவாதம். கை கால் அவள் சொன்ன பேச்சைக் கேட்காது. நடக்க முடியாது. சாய்த்து, ஒரு துணியால் கட்டி உட்கார வைத்தால் உட்காருவாள். பேச்சு ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து வார்த்தைதான் வரும். ஆனால் ஒவ்வொன்றும் யோசித்து வைத்த வார்த்தையாக இருக்கும். எனக்கு அவள் வைத்திருக்கிற பெயர் 'ஷிப்ட்'. மாடசாமிக்கு 'தூக்கம்'. பல வருஷம் எங்களோடு பழகியவர்கள்கூட எங்களை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது.

மேரி அக்கா வேலைக்குப் போனதும் ஏஞ்சல் சரோஜாம்மா பொறுப்பு. இதற்கு சரோஜாம்மா ஒரு பைசா வாங்குவதில்லை. பகல் பூராவும் இரண்டு பேரும் சேர்ந்து டிவி சீரியல் மாமியார்களைத் திட்டுவார்கள். அதுவே அவருக்குப் போதும்.

தினமும் காலையில் நடக்கிற ஒரு சடங்கையும் சொல்லியாக வேண்டும். கம்பெனி பஸ் வந்து மேரி அக்காவை ஏற்றிக்கொண்டு போகும்போது, ஏஞ்சல் ஜன்னலிலிருந்து டாட்டா காட்டுவாள். கையை மேலே கொண்டுவரவே அரை நிமிஷம் ஆகும். ஆனாலும் காட்டாமல் விட மாட்டாள். நாங்கள் ஷிப்டுக்குக் கிளம்பும்போதும் காட்டுவாள். நாங்களும் திருப்பிக் காட்டுவோம். மூன்று வருஷப் பழக்கம். அவள் கை எழும்பினால் என் கை தானாக எழும்பிவிடும்.

இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முகாம் விஷயத்தைச் சொன்னது பிசியோ ரேவதி மேடம். வாரத்துக்கு ஒருநாள் ஸ்கூட்டியில் வந்து ஏஞ்சலுக்குப் பயிற்சி கொடுக்கிறவர். "அட்டை இருந்தா மாசாமாசம் உதவித்தொகைக்கு எழுதிப் போடலாம். அதைவிட முக்கியம், எங்க சென்டர் வேன்ல இவளுக்கு ஒரு சீட் கேட்டு வாங்கிடலாம். வாரத்துக்கு ஒருநாள் நான் வந்து என்ன ஆகப்போகுது? தினமும் பயிற்சி இருந்தா இவ தானா உட்காருவா" என்றார்.

தானாக உட்காருவாள்! அந்த ஒரு வார்த்தைக்காக மேரி அக்கா எதையும் செய்வார். ஆனால் போன முகாமன்று கேன்டீனில் லீவு தரவில்லை. அதற்கு முந்தைய முகாமில் ஏதோ ஒரு ஜெராக்ஸ் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது மூன்றாவது முறை. அடுத்தது எப்போது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

"இந்த வாட்டி விட்டா அவ்ளோதான் தம்பி. வேன்ல ஒரே ஒரு சீட்டுதான் காலியா கீதாம்" என்றார் மேரி அக்கா.

"நாங்க இருக்கோம்க்கா. எதுவும் தப்பாது" என்றேன்.

சொன்னதோடு விட்டேனா? லிஸ்ட் போட்டேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. ஒரு காகிதம் குறைந்ததற்காக அவர்கள் எத்தனை ஆபீஸ் வாசலில் நின்று திரும்பியிருக்கிறார்கள் என்று பார்த்து வளர்ந்தவன். அதனால் எனக்குள் ஒரு நம்பிக்கை ஊறிப்போய்விட்டது. எழுதி வைத்தால் எதுவும் தப்பாது. போதாக்குறைக்குப் பார்ப்பதும் குவாலிட்டி செக்‌ஷன் வேலை. எங்கள் லைனில் ஒரு போல்ட்டைக்கூட லிஸ்டில் டிக் அடிக்காமல் வெளியே விட மாட்டோம்.

ஆதார் ஜெராக்ஸ் மூன்று. ரேஷன் கார்டு ஜெராக்ஸ் மூன்று. போட்டோ நான்கு. பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகள். வீல்சேர். அதன் கால் மிதி – அது தனியாகக் கழன்று வரும். குடை. தண்ணீர் பாட்டில். உறிஞ்சுகுழல். துண்டு. மாற்று டிரஸ். பிஸ்கட்... இப்படி மொத்தம் பதினேழு ஐட்டம். பக்கத்திலேயே 'சரிபார்த்தவர்', 'மறுமுறை சரிபார்த்தவர்' என்று இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். நைட் ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்த மாடசாமி, கண்ணைத் திறக்காமலே இரண்டாவது கட்டத்தில் போட்டான்.

எல்லாம் பக்கா!

மேரி அக்கா டோக்கன் வாங்குவதற்காக விடிந்ததுமே முதல் ஷிப்ட் பஸ்ஸில் போய்விட்டார். நாங்கள் அதே கம்பெனியின் ஏழரை மணி ஜெனரல் ஷிப்ட் பஸ்ஸில். டிரைவர் பாஸ்கர் அண்ணன் தங்கமான மனிதர். வெளியாட்களை ஏற்றக் கூடாது என்பது கம்பெனி ரூல். "மேரி பொண்ணுன்னா அது வெளியாளா? ஏறுங்கபா" என்றார்.

மாடசாமிதான் ஏஞ்சலைத் தூக்கிவந்து டிரைவருக்குப் பின்னால் ஜன்னல் சீட்டில் உட்கார வைத்தான். சரோஜாம்மா தன் பழைய துப்பட்டாவால் அவளைச் சீட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்தார். பஸ்ஸில் இருந்த மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கம்பெனி பஸ்ஸில் டிரைவரைத் தவிர யாரும் விழித்திருந்து நான் பார்த்ததில்லை.

சுங்குவார்சத்திரம் வந்தது. பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி விடாமல் ஹாரன். "சீக்கிரம், சீக்கிரம் எறங்குங்கபா! சாமானு ஒண்ணும் வுட்றாதீங்க!" என்று கத்தினார் பாஸ்கர் அண்ணன்.

ஒரு சாமானையும் விடவில்லை. மாடசாமி வீல்சேரைத் தோளில் ஏற்றிக்கொண்டான். சரோஜாம்மா கூடையையும் குடையையும் எடுத்துக்கொண்டார். நான் ஃபைலையும் கால் மிதியையும். கீழே இறங்கியதும் ரோட்டோரமாக நின்று லிஸ்டை எடுத்து ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். பதினேழும் இருந்தது. என் மேல் எனக்கே ஒரு மரியாதை வந்தது.

முகாம் நடக்கிற பள்ளிக்கூடம் ஐந்து நிமிஷ நடை. வாசலில் மேரி அக்கா. கையில் டோக்கனை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"பதினாலு தம்பி! பதினாலாவது நம்பர்! பத்தரைக்குள்ள நம்ம வேல..."

பேச்சு பாதியில் நின்றது.

"ஏஞ்சல் எங்க?"

"சரோஜாம்மாகிட்ட" என்றேன்.

"என்கிட்டயா? நான் எங்கபா தூக்கறது, முட்டி போய்க்கினு கீற நேரத்துல? ஏத்துனவன் மாடசாமிதானே, அவன் எறக்கினு வந்திருப்பான்."

மாடசாமி பாதித் தூக்கத்தில் எல்லோரையும் பார்த்தான். "பிள்ள சேர்லல்லா இருக்கா?"

"எந்தச் சேர்ல?"

"இந்தா, தூக்கிட்டு வாரேம்லா..."

அவன் தோளில் இருந்தது மடித்த வீல்சேர்!

மேரி அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. டோக்கனை நாலாக மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"கடைசியா யாரு பாத்தீங்க?"

"நான்தான்க்கா. நாங்க இறங்கினதும் பஸ் கிளம்பும்போது பார்த்தேன். ஜன்னல்ல இருந்து டாட்டா காட்டினா..."

"நீ இன்னா பண்ண?"

"நானும் காட்டினேன்."

சரோஜாம்மா தலையில் அடித்துக்கொண்டார். அவர் தலையில்தான். ஆனால் அடி என்னமோ எனக்கு விழுந்த மாதிரி இருந்தது.

பாஸ்கர் அண்ணனுக்குப் போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். மேரி அக்காவுக்குக் காரணம் தெரியும். அந்தப் பிளான்ட்டுக்குள் போன் கொண்டுபோக முடியாது. டிரைவராக இருந்தாலும் கேட்டில் அணைத்துக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அப்படியென்றால் பஸ் கேட்டைத் தாண்டிவிட்டது. ஏஞ்சல் உள்ளே.

"மதியம் ஒரு மணிக்கு டாக்டர் காஞ்சிபுரம் கிளம்பிடுவாருன்னு மைக்ல சொல்லினு கீறாங்க" என்றார் மேரி அக்கா. "சரோஜாம்மா, டோக்கனைப் புடிங்க. எடத்த வுடாதீங்க."

"நீ போ. எவன் கேட்டாலும் நான் பாத்துக்கறேன்."

சரோஜாம்மாவையும் மாடசாமியையும் டோக்கனோடு விட்டுவிட்டு, நானும் மேரி அக்காவும் ஆட்டோ பிடித்தோம். மடியில் இருந்த என் பச்சை ஃபைலை நான் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பிளான்ட் கேட். அங்கே ஒரு செக்யூரிட்டி ஆபீசர். மீசையும் நிமிர்ந்த முதுகும் பட்டாளத்தில் இருந்தவர் என்று சொன்னது.

"சார், உள்ளே ஒரு குழந்தை இருக்கு."

"இருக்காது."

"இருக்கு சார். பஸ்ஸுல..."

"தம்பி, பதினெட்டு வயசுக்குக் கீழ யாரும் இந்த கேட்டைத் தாண்ட அனுமதி இல்ல. அதனால உள்ள குழந்தை இருக்க வாய்ப்பே இல்ல."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மேரி அக்கா வாதாடவில்லை. கழுத்தில் இருந்த தன் கம்பெனி கார்டை எடுத்து நேராக மெஷினில் தேய்த்தார். சிவப்பு லைட். மறுபடி தேய்த்தார். மறுபடியும் சிவப்பு.

"நீங்க இன்னிக்கு லீவும்மா. சிஸ்டம் எடுக்காது."

"என் பொண்ணு உள்ள கீறா சார்!"

"லீவு கேன்சல் பண்ணினா எடுக்கும்."

"பண்ணுங்க சார்."

"பண்ணினா நீங்க டூட்டியில வந்துடுவீங்க. சாயந்தரம் ஷிப்ட் முடியுறவரைக்கும் வெளிய விட முடியாது."

பாருங்கள் கூத்தை. மகளைக் கூட்டிக்கொண்டு போவதற்காக அம்மா லீவு போட்டார். லீவு போட்டதால் அம்மா வெளியே. மகள் டூட்டிக்குப் போய்விட்டாள்!

மேரி அக்கா கேட்டுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் ஆபீசர் கொஞ்சம் இளகினார். இன்டர்காமை எடுத்தார். பஸ் பார்க்கிங்கைக் கேட்டார். அவர்கள் கேன்டீனைக் கேட்கச் சொன்னார்கள். கேன்டீன் லைன் கிடைக்கவே இருபது நிமிஷம். டிபன் நேரம். கடைசியில் எடுத்தது மேரி அக்காவின் சிநேகிதி ஷகிலா. ஸ்பீக்கரில் அவர் குரல் ரோடுவரைக்கும் கேட்டது.

"மேரி பொண்ணா? இங்கதான் சார் குந்திகினு கீறா! ரெண்டு வடை உள்ள போயாச்சு. மூணாவது வேணுமாம். சட்னி ஊத்தட்டுமான்னு மேரியைக் கேளுங்க."

மேரி அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று கண்டுபிடிக்கிற தைரியம் எனக்கு இல்லை.

பஸ்ஸைப் பார்க்கிங்கில் நிறுத்திவிட்டு பாஸ்கர் அண்ணன் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். "எல்லாரும் எறங்கிப் போயாச்சு. பின்னாடி ஒருத்தி மட்டும் சிரிச்சினு கீறா. எனக்கு உயிரே போயிட்ச்சுபா" என்று பிறகு சொன்னார். அவருக்கு உள்ளே தெரிந்த ஒரே இடம் கேன்டீன். தூக்கிக்கொண்டு ஓடி ஷகிலா அக்காவிடம் கொடுத்துவிட்டார். எங்களுக்கு யார் மூலமாகத் தகவல் சொல்வது என்று அவர் அலைந்துகொண்டிருந்தபோதுதான் எங்கள் இன்டர்காம்.

"சரி சார், வெளிய அனுப்பிடுங்க" என்றேன்.

"முடியாது."

"ஏன் சார்?"

"உள்ள வந்த என்ட்ரி இல்லாம வெளிய போற என்ட்ரி எப்படிப் போடறது?"

நியாயம்தானே? எங்கள் கம்பெனியிலும் இதே ரூல்தான். உள்ளே வராத சரக்கு வெளியே போகாது. குவாலிட்டிக்காரன் என்கிற முறையில் என்னால் மறுத்துப் பேச முடியவில்லை.

அதனால் என்ன செய்தார்கள் தெரியுமா? ஏஞ்சலை கேட் வரைக்கும் கூட்டிவந்து, அவளுக்கு ஒரு விசிட்டர் பாஸ் போட்டார்கள். நெட்வொர்க் வேறு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் படுத்துவிட்டது. அது வருகிறவரைக்கும் பாஸ்கர் அண்ணன் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார். இந்தப் பக்கம் மேரி அக்கா. மகளைத் தொடுகிற மாதிரி கண்ணாடியில் ஒரு கையை வைத்துக்கொண்டே இருந்தார்.

நெட்வொர்க் வந்தது. ஆபீசர் கம்ப்யூட்டர் முன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பேரு?"

"ஏஞ்...சல்."

"எந்தக் கம்பெனியிலிருந்து வர்றீங்க?" ரூல்படி எல்லோரிடமும் கேட்கிற கேள்வி. குழந்தை என்பதற்காக விட்டுவிட முடியுமா?

ஏஞ்சல் கொஞ்சம் யோசித்தாள். "வூடு."

டைப் அடித்தார்.

"யாரைப் பார்க்க வந்தீங்க?"

"அம்மா."

"அவங்கதான் இன்னிக்கு லீவாச்சே?"

அதற்கு ஏஞ்சல் சிரித்தாள். அந்தச் சமயம் பார்த்து கேமரா கிளிக் ஆனது.

முகாமுக்காக போட்டோ ஸ்டுடியோவில் எட்டு முறை எடுத்தோம். "தலையை நேரா வைம்மா, நேரா வைம்மா" என்று அந்தப் போட்டோக்காரர் சொல்லச் சொல்ல ஏஞ்சல் மிரண்டுபோய், ஒரு போட்டோகூட சரியாக வரவில்லை. இந்த கேட்டில், யாரும் நேராக வை என்று சொல்லாத இடத்தில், அவ்வளவு அழகாக ஒரு போட்டோ!

நீல ரிப்பன் போட்ட அந்த பாஸை ஆபீசர் எழுந்து வந்து தன் கையாலேயே அவள் கழுத்தில் மாட்டினார். "வெளிய போகும்போது திருப்பிக் கொடுத்துடணும்" என்றார் கறாராக. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஜாக்கிரதையா போ பாப்பா" என்றார்.

கேட் திறந்தது. மேரி அக்கா பாய்ந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். என்னென்னவோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். முந்தானையால் அவள் வாயைத் துடைத்துவிட்டு, "சட்னி காரமா இருந்துச்சா?" என்றுதான் கேட்டார்.

மணி பன்னிரண்டு பத்து. பாதி ஓடி, பாதி நடந்து, ஆட்டோவில் விழுந்தோம்.

ஆட்டோவில்தான் நான் வாயைத் திறந்தேன். "ஏன் ஏஞ்சல், நாங்க இறங்கும்போது ஒரு குரல் கொடுக்கக் கூடாதா?"

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... எங்கள் ஆடிட்டர்கள்கூட அப்படிப் பார்த்ததில்லை.

"டாட்டா... சொன்னேன்ல... ஷிப்ட்."

சொன்னாள்தான்! சொல்லிக்கொண்டுதான் போயிருக்கிறாள். தினமும் காலையில் அம்மாவை ஏற்றிக்கொண்டு போகிற அந்தப் பஸ் எங்கேதான் போகிறது என்று பார்க்க அவளுக்கு அவ்வளவு ஆசை. இன்றைக்கு அதில் ஏற்றிவிட்டு, பாதியிலேயே இறங்கு என்றால் யார்தான் இறங்குவார்கள்?

"அம்மா" என்றாள். "தோசைக்கல்... பெர்சு."

மேரி அக்கா அவளை இறுக்கிக்கொண்டார். "இன்னிக்குத்தான் தம்பி இவளுக்கு நான் எங்க போறேன்னு தெரிஞ்சிச்சு."

கொஞ்ச தூரம் போனதும் என்னைப் பார்த்தார். அடி விழும் என்று தயாராக இருந்தேன்.

"பதினேழு எழுதினியே தம்பி. நான் எட்டு வருசமா ஒண்ணுத்துக்கும் லிஸ்ட் போட்டதில்ல. இவ இடுப்புல இருந்தா போதும், எல்லாம் இருந்த மாதிரி. இவ இல்லன்னா எதை எடுத்தும் இன்னா?"

அடித்திருந்தால் வலி மறுநாள் போயிருக்கும்.

முகாமுக்கு வந்தால் அங்கே வேறு ஒரு கூத்து. எங்கள் வீல்சேர் இருக்கிறது. அதில் சரோஜாம்மா உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து பெஞ்சில் மாடசாமி வாயைத் திறந்து தூங்குகிறான்.

நடந்தது இதுதான். முட்டி வலி தாங்காமல் சரோஜாம்மா காலியாக இருந்த சேரில் உட்கார்ந்திருக்கிறார். தொண்டுக்கு வந்திருந்த கல்லூரிப் பிள்ளைகள் ஓடிவந்து, "வாங்க பாட்டி, வாங்க" என்று தள்ளிக்கொண்டுபோய் நேராக டாக்டர் முன்னால் நிறுத்திவிட்டார்கள்.

"நான் எறங்கறேன் எறங்கறேன்னு சொல்றேன், எவன் கேக்கறான்? டாக்டரு என் முட்டியை ஆட்டி ஆட்டிப் பாத்தாரு. 'எவ்ளோ வருசமா இப்படி?'ன்னாரு. நானும் வந்ததே வந்தேன், முழுக் கதையையும் சொன்னேன். பாதி கதைல 'பேரு ஏஞ்சல், வயசு எட்டுன்னு போட்டிருக்கே'ன்றாரு!"

"அய்யய்யோ... என்ன சொன்னீங்க?"

"உண்மையத்தான் சொன்னேன். கொயந்த கம்பெனிக்குப் போயிருக்கா, வந்துடுவான்னு."

டாக்டர் என்ன நினைத்தாரோ, பதினாலாம் நம்பர் ஃபாரத்தைக் கிழிக்காமல் தனியாக எடுத்து வைத்திருந்தார். நாங்கள் உள்ளே போனபோது மணி பன்னிரண்டு ஐம்பது. ஸ்டெதாஸ்கோப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்த்தார். மூச்சு வாங்குகிற ஒரு அம்மா. இடுப்பில், கழுத்தில் நீல ரிப்பனோடு ஒரு குழந்தை.

"ஓ... இவங்கதான் அந்தப் பதினாலா?" ஸ்டெதாஸ்கோப்பை மறுபடி வெளியே எடுத்தார். கையைக் காலைப் பார்த்தார். மடக்கினார். நீட்டினார். அவசரப்படவில்லை. ரிப்பனில் இருந்த பாஸைத் திருப்பிப் படித்தார். பெயர், ஏஞ்சல். கம்பெனி, வீடு. சந்திக்க வேண்டியவர், அம்மா.

"எங்கம்மா போயிருந்தே இவ்வளவு நேரம்?"

"டூட்டி."

"ஓவர்டைம் பார்த்தியா?"

ஏஞ்சல் பலமாகத் தலையாட்டினாள். டாக்டர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். கையெழுத்து விழுகிறவரைக்கும் மேரி அக்கா மூச்சு விட்ட மாதிரியே தெரியவில்லை. சீல் அடித்து ஒப்புகைச் சீட்டைக் கையில் கொடுத்தபோது அதை இரண்டு கையாலும் வாங்கினார். சான்றிதழ் சரியாக வந்துவிட்டது, அட்டை பின்னால் வரும் என்றார்கள். ரேவதி மேடத்துக்கு அங்கிருந்தே போன் போட்டோம். ஒப்புகைச் சீட்டின் போட்டோவை அனுப்புங்கள், வேன் சீட்டைப் பிடித்து வைத்துவிடுகிறேன் என்றார்.

என் பதினேழு ஐட்டத்தில் அன்று முகாமில் கேட்டது எத்தனை தெரியுமா? நான்கு. குடையை யாரும் விரிக்கவே இல்லை. பிஸ்கட்டை மாடசாமி தின்றுவிட்டான்.

வீடு திரும்பிய பிறகு எனக்குத் தோன்றியது இதுதான். உதவி என்று வருகிற எங்களைப் போன்றவர்களுக்குக் கையில் எதையாவது தூக்க வேண்டும். ஃபைல், குடை, சேர்... தூக்கினால்தான் உதவின திருப்தி. பிள்ளையைத் தூக்குவதோ ஒருத்தி எட்டு வருஷமாக நிறுத்தாமல் செய்துகொண்டிருக்கிற வேலை. நிறுத்தாமல் நடக்கிற வேலை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் லிஸ்டிலும் வராது. அவர் டோக்கனுக்காக ஒரே ஒரு நாள் காலையில் கையை எடுத்தார். எங்கள் லட்சணம் தெரிந்துவிட்டது!

ஞாயிற்றுக்கிழமை லிஸ்டை எடுத்து, கடைசியில் பதினெட்டு என்று போட்டு 'ஏஞ்சல்' என்று எழுதினேன். அவளிடமே காட்டினேன். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். மெதுவாகக் கையைக் கொண்டுவந்து பேப்பரின் உச்சியில் வைத்தாள்.

"இங்க."

இப்போது ஏஞ்சல்தான் நம்பர் ஒன். மற்றதெல்லாம் ஒரு நம்பர் தள்ளிப்போய்விட்டது.

இன்னொன்று விட்டுவிட்டேனே? அந்த விசிட்டர் பாஸ்! அன்றைக்கு ஓடின ஓட்டத்தில் அதை கேட்டில் திருப்பிக் கொடுக்கவில்லை. அது என் லிஸ்டில் இல்லை. திங்கட்கிழமை காலையில் பாஸ்கர் அண்ணன் பஸ்ஸை நிறுத்திச் சொன்னார். "ஆபீசர் கேட்டாருபா. திருப்பிக் குடு, இல்லன்னா பைன் கட்டுன்றாரு."

ஏஞ்சலிடம் போய்க் கேட்டேன். இரண்டு கையாலும் ரிப்பனைப் பிடித்துக்கொண்டாள். அந்த இரண்டு கையும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு பொருளை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. மேரி அக்கா என்னைப் பார்த்தார். நான் பாஸ்கர் அண்ணனைப் பார்த்தேன். அவர் பஸ்ஸை எடுத்துவிட்டார்.

அரசாங்க அட்டைக்கு நயா பைசா செலவில்லை. தொலைந்தே போகாத அந்த நீல ரிப்பன் அட்டைக்குத்தான் நாங்கள் கட்டிய அபராதம், முந்நூறு ரூபாய்.